வழுக்கி விழுந்த மனைவிகளும் ஓலைக்கு ஒரு பணமும்

பெரிய ஆறுகளெல்லாம் எந்த வழியாகக் கடலுக்குப் போகலாம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், கொற்றங்குடி நாட்டை மகிழ்மாறன் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானம் சாப்பிட்டதும் மறந்துவிடுவார். ஒருமுறை தம் குதிரைக்குத் தலைவலி என்று நாடு முழுக்க மேளத்துக்குத் தடை போட்டார். அந்த மாதக் கல்யாணங்களில் தாலி கட்டும்போது உறவுக்காரர்கள் கைதட்டிச் சமாளித்தார்கள்.

அந்த அரசருக்குத் தம் கிளிகளுக்கு முத்துப் பந்தல் போட ஆசை வந்தது. தலைமை அமைச்சரான பிரதானி வச்சிரவேலு அதற்கு வழி சொன்னார். தெற்கு வாசல் புகல் வீட்டுக்குப் போகும் அரண்மனை நெல்லை நிறுத்தினால் போதுமாம். புருஷன் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்கள் தங்கும் வீடு அது. அப்போது பதினொரு பேர் இருந்தார்கள், சிலர் கைக்குழந்தையோடு. பௌர்ணமியன்று கதவைப் பூட்ட உத்தரவாயிற்று.

செய்தி ஓலைச்சாவடிக்கு வந்ததும் குமுதவல்லி எழுத்தாணியைக் கீழே வைத்தாள். நாட்டில் யார் பிறந்தாலும், மணந்தாலும், இறந்தாலும் ஓலை எழுதித் தருபவள் அவள். ஊர் நல்லது கெட்டது தமக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடுகிறதே என்று பிரதானிக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். அவள் நேரே சபைக்குப் போனாள். நெல் வேண்டாம், பிறப்போலை, மணவோலை, இறப்போலை, நகல் எதுவானாலும் ஓலைக்கு ஒரு பணம் என்று காசு வாங்கிக்கொள்கிறேன், அதில் புகல் வீடு நடக்கட்டும் என்றாள்.

பிரதானி சிரித்தார். "எவனோ அடித்தானாம், அதற்குப் புது மாப்பிள்ளை பணம் கட்ட வேண்டுமாம். அம்மணி, நம் நாட்டில் பெண்டாட்டியை அடிக்கிற ஆண்பிள்ளையே கிடையாது. அந்தப் பதினொன்றும் சமைக்கச் சோம்பல்பட்டு ஓடிவந்தவை."

சாட்சிக்கு அந்தப் பெண்களையே கூட்டிவரட்டுமா என்று குமுதவல்லி கேட்டாள். பெண் பேச்சு செல்லாது என்றார் பிரதானி. அரசருக்கு இந்த வாக்குவாதம் ருசித்துவிட்டது.

"அடித்தேன் என்று புருஷன்மாரே கைப்பட எழுதித் தரட்டும். உன் ஒரு பணம் சட்டமாகும். இல்லையென்றால் பௌர்ணமிக்குப் பூட்டு."

சபை வாயைப் பொத்திச் சிரித்தது. எந்த மடையன் எழுதித் தருவான்?

குமுதவல்லி சாவடிக்குத் திரும்பி அந்த வருஷத்து இறப்போலைகளைப் பிரித்தாள். மூன்று வருஷமாக நாட்டில் மழையில்லை, கிணற்றில் வாளி தரையில் இடிக்கிறது. அந்த வறட்சியிலும் பத்தொன்பது மனைவிகள் 'வழுக்கி விழுந்து' செத்திருந்தார்கள். வழுக்கி விழுந்த புருஷன் ஒருவன்கூட இல்லை.

மறுநாள் சபையில் அவள் அடியைப் பற்றி மூச்சே விடவில்லை. நாட்டு வீடுகளில் தரை சரியில்லை, குடும்பப் பெண்கள் வழுக்கி விழுகிறார்கள், மகாராஜா மனம்வைத்துப் புதுத் தரை போட்டுத் தந்தால் புண்ணியம் என்றாள். அரசருக்குக் கல் வேலை என்றால் உயிர். யார் வீட்டில் மனைவி வழுக்கி விழுந்தாளோ, அவர் எத்தனை தடவை என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால் அரண்மனைச் செலவில் சலவைக்கல் தரை என்று பறை அறைவித்தார்.

மூன்றே நாளில் இருநூற்று நாற்பது ஓலைகள். முதல் ஓலை பிரதானியுடையது. மனைவி அபரஞ்சி இந்த வருஷம் நான்கு முறை வழுக்கி விழுந்தாள், ஒருமுறை கை ஒடிந்தது, ஒருமுறை பல் போயிற்று, கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் கல் வேண்டும் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

கல் இறக்குமுன் தரைகளைப் பார்த்துவர ஆள் அனுப்புவதுதானே முறை என்றாள் குமுதவல்லி. தலைமைக் கல்தச்சர் உலகாண்டான் தம் ஆட்களோடு வீடு வீடாகப் போய், காலில் எண்ணெய் தடவி நடந்து பார்த்து வந்தார். ஒரு தரையும் வழுக்கவில்லை. பிரதானி வீட்டுக் கூடம் சொரசொரவென்று இருந்து குதிகாலைத் தேய்த்துவிட்டதாம்.

அரசர் முகம் சிவந்தது. கல்லுக்கு ஆசைப்பட்டு அரசனிடமே பொய் எழுதினீர்களா, பொய்க்கு ஐம்பது கசையடி என்று கர்ஜித்தார்.

குமுதவல்லி மெதுவாகக் கேட்டாள். "பொய்க்கு ஐம்பது. பெண்டாட்டியை அடித்தால் எத்தனை, மகாராஜா?"

சட்ட ஓலைகளை முன்னும் பின்னும் புரட்டிய நீதிபதி, அதற்குத் தண்டனை ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்றார்.

அவ்வளவுதான். எழுத்தாணிக்கு அடிதடி. விழுந்தது பொய்யில்லை, தரையிலும் குற்றமில்லை, அடித்து விழவைத்தது நானே என்று முதலில் எழுதி நீட்டியவர் பிரதானிதான். முன்பு மூன்று என்று போட்டிருந்தேன், உண்மையில் ஐந்து, திருத்தலாமா என்று ஒருவர் பவ்யமாகக் கேட்டார். இருநூற்று நாற்பது பேருக்கும் முதுகு தப்பியதில் பரம சந்தோஷம்.

அரசர் ஒவ்வொன்றாகப் படித்தார். அந்தப்புரத் திரைக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஓலைக்கு ஒரு பணம்," என்றார் கடைசியில். "இனி அடித்தாலும் ஐம்பது."

மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் குமுதவல்லி இரண்டையும் எழுதி முத்திரை வாங்கிவிட்டாள். அரசர் பிரதானியின் பதவி மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று அவளைக் கேட்டார். புகல் வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் நல்ல இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று போதும் என்றாள்.

சில நாள் கழித்துப் பழைய பிரதானி வச்சிரவேலு ஓலைச்சாவடிக்கு வேர்க்க விறுவிறுக்க வந்தார். அபரஞ்சி தெற்கு வாசலுக்குப் போய்விட்டாளாம். அவள் தம் மனைவிதான் என்று காட்ட மணவோலை நகல் வேண்டுமாம். குமுதவல்லி எழுதி முடித்துக் கையை நீட்டினாள்.

"ஒரு பணம், ஐயா."

"என் பெண்டாட்டியைக் கூட்டிவர நான் பணம் கட்டணுமா?"

"ஓலைக்குத்தான் பணம். வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம்."

காசை விட்டெறிந்துவிட்டு ஓலையோடு ஓடினார். அன்று அந்தப் பணத்துக்கு வாங்கிய அரிசிதான் தெற்கு வாசலில் உலையேறியது. வெளியே ஓலையும் கையுமாக ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே அபரஞ்சி இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு வை என்றாள்.