ஒண்ணுக்கும் உதவாத ஆள்

ஒரு ஊர்ல ஒரு குளம் இருந்துச்சாம். நீ கண்ணை மூடிக்கோ, காதை மட்டும் திறந்து வச்சுக்கோ. நடுவுல ‘ம்’ சொல்லணும், என்ன?

அந்த ஊர்ல முப்பிடாதின்னு ஒரு பிள்ளை. உன்னைவிட ரெண்டு வயசு மூப்பு. அம்மை இல்ல, அப்பன் இல்ல. சாணி பொறுக்கி, வறட்டி தட்டி, அதை வித்துக் கஞ்சி குடிப்பா.

ஒரு நாள் உச்சிவெயில். எல்லாரும் தண்ணி மோக்கப் போனா, குளம் குபுகுபுன்னு பொங்குது! அப்போ தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு ஒரு பூதம் எந்திரிச்சுது. பனைமரம் ஒசரம். பல்லெல்லாம் பாசி.

"உர்ர்ர்... ஒண்ணுக்கும் உதவாத ஆள் ஒண்ணைக் கொண்டாங்க, தின்னணும்! மூணு நாள்தான். அதுவரைக்கும் சொட்டுத் தண்ணி கிடையாது. மூணாம் நாள் தப்புச்சுன்னா ஊரையே முழுங்கிருவேன்!"

குடத்தையெல்லாம் போட்டுட்டு ஓடினாங்க பாரு, டமடமடமன்னு!

ம்... பயமா இருக்கா? என் விரலைப் பிடிச்சுக்கோ.

மொத நாள், ஊர்த்தலைவர் பிரமநாயகம் ஒரு பானை பொற்காசு கொண்டுபோய்க் கொட்டினார். பூதம் வாயில போட்டு, கடக்குன்னு கடிச்சு, தூ... தூன்னு துப்பிருச்சு. "இதைக் கடையில குடு, அரிசி கிடைக்கும். எனக்கு ஆளு வேணும்!"

எல்லாரும் ஓட்டம். முப்பிடாதி மட்டும் நின்னா. அவளுக்கும் பயந்தான். ஆனா காசு சேத்துல கிடக்கே! ஒரு காசுக்கு எத்தனை வறட்டி தட்டணும்னு அவளுக்குத் தெரியும்லா? ஒண்ணுவிடாமப் பொறுக்கி, பாவாடையில துடைச்சு, தலைவர் கையில குடுத்தா. அவரு எண்ணி வாங்கிக்கிட்டாரு.

அப்புறம் ரெண்டாம் நாள். சொரிமுத்துன்னு ஒருத்தன், பேச்சு வராது, நாளெல்லாம் மண்ணுல கோடு போட்டுக்கிட்டிருப்பான். அவனை இழுத்துக்கிட்டுப் போனாங்க. அவன் அம்மை ஓடிவந்து தலைவர் காலைக் கட்டிக்கிட்டா. "அவன் ஒண்ணும் செய்யவேண்டாம்ய்யா! வாசல்ல உக்காந்திருந்தாப் போதும், எனக்கு வீடு நிறைஞ்சிருக்கும்!" பூதம் உத்துப் பார்த்துச்சு. "இவன் உதவுறான். கொண்டு போ!"

மூணாம் நாள் பிள்ளைங்க நாக்கு வறண்டு அழுவுது. தலைவர் வந்து முப்பிடாதி கையைப் பிடிச்சார். "வா, பிள்ளே."

அவ திரும்பித் திரும்பிப் பார்த்தா. யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லுவாங்களான்னு. எல்லாரும் தரையைப் பார்த்தாங்க.

ம்... முழிச்சிருக்கியா?

தண்ணி அவ முழங்காலைத் தொட்டுச்சு. சில்லுன்னு. பூதம் குனிஞ்சுது, மூச்சு அனலா அடிக்குது. "ஒனக்குன்னு பேச ஆளில்லையா?"

முப்பிடாதி நிமிந்து பார்த்துச் சொன்னா. "நானே பேசுதேன். இந்த ஊர்ல பாதி அடுப்பு என் வறட்டியிலதான் எரியுது."

பூதம் கண்ணை உருட்டுச்சு. "அப்போ நீயும் உதவுறே. ஒன்னையக் கூட்டிட்டு வந்தானே, அவன்தான் உதவாதவன், அவனைத் தின்னுட்டுப் போறேன்!" பாசிக்கை சரசரன்னு தலைவர் பக்கமா நீண்டுச்சு. அவரு கீழ விழுந்து, "ஐயோ, ஐயோ"ன்னு தவழுதார்.

முப்பிடாதிக்கு வந்த ஆத்திரத்துக்கு வாயை மூடிக்கிட்டு நிக்கலாம். ஒரு மூச்சுநேரம் நின்னா. அப்போ அவரோட சின்னப் பிள்ளை கரையில நின்னு "அப்பா"ன்னு அலறுச்சு.

"விடும் பூதமே! அவரும் வேணும். அந்தப் பிள்ளைக்கு அப்பன்லா அவரு?"

கை அப்படியே நின்னுபோச்சு. "இவனையுமா?"

"இவரையும்தான். நீரு கேக்குற ஆளு எங்க ஊர்ல இல்ல."

பூதம் கரையில நின்ன ஒவ்வொரு முகமாப் பார்த்துச்சு. அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, "அப்போ இங்க எனக்குச் சோறு இல்ல"ன்னு முனகி, களக்... களக்... களக்னு அமுங்கிப்போச்சு.

மொதல்ல முப்பிடாதிதான் ரெண்டு கையாலயும் தண்ணி அள்ளிக் குடிச்சா. தலைவர் அவகிட்ட வந்து, கீழ கிடந்த குடத்துல தண்ணி மோந்து, அவ குடிசை வரைக்கும் தானே சுமந்துட்டுப் போனார்.

பூதமும் அடியில படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. நீயும் படு கண்ணு, தூங்கு.