வளைந்து நின்ற இளமரம்

ஒரு மலைக்காட்டில் ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி இருந்தது. வேட்டைக்காரர்கள் வைக்கும் கண்ணிகளைப் பற்றி அதற்குத் தெரியாததே இல்லை. அந்தக் காட்டில் எல்லா மிருகங்களிடமும் கைபேசி உண்டு. அதனால் ஊசிமுத்து மலைக்கு மலை அலையவில்லை. தன் வளையில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் பாடம் நடத்தியது.

"கண்ணியின் இலக்கணம்! முதல் விதி, தண்டின் சாய்வு. அடுத்த விதி, முடிச்சின் வகை. அதற்கடுத்தது..." என்று மூச்சுவிடாமல் அடுக்கும். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் தலையாட்டும். குரங்கு கொட்டாவி விடும். சருகுமான் எதையோ மென்றுகொண்டிருக்கும்.

"நேற்று என்ன சொன்னேன்? சொல்லுங்கள்!"

முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையின் ஓரத்துக்கு நழுவும்.

"மண்டைக்குள் இருப்பது மூளையா, களிமண்ணா!" என்று ஊசிமுத்து சீறும்.

செவத்தி என்ற முயல் மட்டும் எல்லா விதிகளையும் பிசகாமல் ஒப்பிக்கும். ஊசிமுத்துவுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம்.

ஒருநாள் காலை வளைக்குப் பக்கத்திலேயே ஓர் அலறல் கேட்டது. ஊசிமுத்து ஓடிப் போய்ப் பார்த்தது. ஓர் இளமரத்தின் உச்சியிலிருந்து கயிறு தொங்கியது. கயிற்றின் நுனியில், ஒற்றைக் காலில் தலைகீழாகச் செவத்தி தொங்கிக்கொண்டிருந்தது!

"ஐயா, காப்பாற்றுங்கள்!"

ஊசிமுத்து மரத்தின் அடியைக் கடகடவென்று கொறித்தது. மரம் சாய்ந்தது. கயிற்றையும் கடித்துத் துண்டித்தது.

"எல்லா விதியும் உனக்குத் தெரியுமே செவத்தி! எப்படி மாட்டினாய்?"

"வரும்போதுகூடச் சொல்லிக்கொண்டேதான் வந்தேன் ஐயா!" முயல் காலைத் தடவிக்கொண்டது. "ஆனால் கண்ணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதே! மரம் தரையை முத்தமிடுவதுபோல் வளைந்து நின்றது. அதில் பழமும் இல்லை, பறவையும் இல்லை, காற்றும் அடிக்கவில்லை. என்ன வேடிக்கை என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். தரை என் காலைக் கவ்வியது! மரம் விசுக்கென்று நிமிர்ந்தது, வானம் கீழே போய்விட்டது!"

கேட்டுக்கொண்டிருந்த ஊசிமுத்துவின் முட்கள் ஒவ்வொன்றாகச் சிலிர்த்தன. அதன் கால் தானாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டது. 'மாட்டியது இவள். என் கால் ஏன் பதறுகிறது?' என்று அது திகைத்தது. 'தண்டின் சாய்வு' என்று எத்தனையோ காலமாகச் சொல்லி வந்த விதி, அன்றுதான் அதன் கண்ணுக்கே தெரிந்தது.

மறுநாள் பாடத்தில் இலக்கணம் இல்லை. ஊசிமுத்து ஓர் இளமரத்தை வளைத்துக் கட்டி, கைபேசியை அதன் பக்கம் திருப்பியது. "நன்றாகப் பாருங்கள். நேற்று செவத்தி புல் தேடிப் போனாள்..." என்று தொடங்கியது.

குரங்கின் கொட்டாவி பாதியில் நின்றது. சருகுமான் மெல்வதை மறந்தது.

"...ஒரு கால் எடுத்து வைத்தாள்!"

திரையில் இருந்த அத்தனையும் ஒரே நேரத்தில் தங்கள் காலை இழுத்துக்கொண்டன! குரங்கு எங்கோ அடுத்த மலையில். சருகுமான் ஆற்றுக்கு அக்கரையில். யாரும் யாரையும் தொடவில்லை. ஆனாலும் செவத்தியின் பயம் எல்லா உடம்புக்குள்ளும் போய்விட்டது. ஊசிமுத்து திரையை உற்றுப் பார்த்தது. இத்தனை சின்ன மண்டைக்குள் ஒரு காடே விரிகிறதே! போகாத இடத்துக்குப் போய், படாத வலியைப் பட்டுவிட்டுத் திரும்புகிறதே!

"அப்புறம் என்ன ஆச்சு ஐயா? சொல்லுங்கள்!" என்று கட்டங்கள் எல்லாம் கத்தின.

மழை விட்டபின் ஒருநாள் சருகுமான் மூச்சிரைக்கக் கூப்பிட்டது.

"ஐயா! குட்டிகளோடு தண்ணீருக்குப் போனேன். வழியில் ஒரு மரம் வளைந்து நின்றது. காற்றே இல்லை! நான் யோசிக்கவே இல்லை ஐயா, செவத்தி தலைகீழாகத் தொங்குவது அப்படியே கண்முன் வந்தது. கால் தானாக நின்றுவிட்டது!"

"குட்டிகள்?"

"செவத்தி கதையை அவற்றுக்குச் சொல்லியிருந்தேனே, எனக்கு முன்னாலேயே அவை நின்றுவிட்டன!"

ஊசிமுத்து கைபேசியை மெல்லக் கீழே வைத்தது. அதன் முட்கள் நெடுநேரம் சிலிர்த்தபடியே இருந்தன.

வெறும் விதியாகச் சொன்னது வாயோடு நின்றுவிடும். காட்சியாகக் காட்டிக் கதையாகச் சொன்னதோ மூளைக்குள் குடியேறி, ஆபத்து வரும்போது நம்மைத் தடுத்துக் காக்கும்.