புரட்டாத கல்

எகிப்து மன்னன் பார்வோன் நேகோவின் படை வடக்கே போன வேலை முடிந்து, யூதா நாட்டு வழியாக எகிப்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நாள்கள் அவை. படை கிளப்பிய புழுதி அடங்கினாலும் ஊர்களில் சந்தேகம் அடங்கவில்லை. யார் வீட்டு நாய் செத்தாலும் எகிப்தியன் கைவேலை என்றார்கள்.

மேட்டடியில் மேய்ப்பர்களுக்குப் பொதுவாக ஒரு கிணறு. அதன் வாயை ஒரு வட்டக்கல் மூடியிருக்கும். எல்லா மந்தையும் வந்து சேர்ந்தபிறகுதான் கல்லைப் புரட்டுவார்கள். முந்தி வந்தவன் திறந்துவிட்டால் பிந்தி வந்தவனுக்குச் சேறுதான் மிஞ்சும் என்று பாட்டன்மார் போட்ட கட்டு அது.

அன்றைக்கு உச்சிவெயிலில் கிணற்றடியில் ஓர் எகிப்தியன் உட்கார்ந்திருந்தான். காலில் புண். படை விட்டுவிட்டுப் போன ஆள்.

"இந்தத் தண்ணி குடிக்காதீங்க," என்றான் உடைந்த பேச்சில். "எங்க ஆளுங்க செத்த குதிரையை உள்ளே போட்டுட்டாங்க."

அவ்வளவுதான். மந்தையோடு வந்திருந்த மேய்ப்பர்கள் அவனைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

முடிச்சைப் போட்டவன் ஒத்னி. யூதா ராஜா யோசியாவின் படையில் ஈட்டி பிடித்தவன். இந்த நேகோவை மறிக்கப்போய் மெகிதோ போர்க்களத்தில் ராஜா அம்பு பட்டுச் சாய்ந்தபோது, அவரை வேறு தேருக்குத் தூக்கியவர்களில் ஒருவன். இப்போது ஆடு மேய்க்கிறான். பொழுது சாய்ந்தால் மேட்டுக் குகையில் இருக்கும் மில்காளிடம் வேதம் கேட்கப் போவான்.

"பச்சைப் பொய்," என்றான் பங்காளி பேலா. "நாம பயந்து கிழக்குக் கிணத்துக்கு மந்தையை ஓட்டணும். அங்கே இவன் கூட்டம் பதுங்கியிருக்கும். ஒரு குட்டி மிஞ்சாது."

"இவன் வாயிலேயே முதல்ல ஊத்துவோம்," என்றான் ஒத்னி.

"குடிச்சுட்டான்னா?"

"குடிச்சா பொய்யன்."

"குடிக்காட்டி?"

"குடிக்காட்டி நடிக்கிறான்."

எகிப்தியன் சிரித்துவிட்டான். ஒத்னி அவனை ஓர் அறை விட்டான்.

தெற்கு மந்தை இன்னும் வரவில்லை. ஆடுகள் கல்லை முட்டிமுட்டிக் கத்தின. தோல்பைகளில் சொட்டு இல்லை. பிள்ளை பெற்ற மனைவி காய்ச்சலோடு வீட்டில் தண்ணீருக்குக் காத்திருக்கிறாள். ஒத்னிக்கு நிலைகொள்ளவில்லை. விறுவிறுவென்று மேடேறினான்.

மில்காள் குகை வாசலில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் நடந்ததைக் கொட்டித் தீர்த்துவிட்டுக் கேட்டான்.

"தாயே, எகிப்தியன் வாயில உண்மை வருமா?"

"மெகிதோவுல நின்னவன் நீ. என்னைக் கேக்கிறியே."

அவன் முகம் கறுத்தது.

"அதையும் கேட்டுடறேன். பார்வோன் அன்னைக்குச் சொல்லியனுப்பினது கடவுள் வாக்குதான்னு எருசலேம்ல பேசிக்கிறாங்க. அதைக் கேக்காமத்தான் ராஜா செத்தாராம். நெஞ்சு எரியுது தாயே."

"அப்படி என்ன சொல்லியனுப்பினான்?"

"உன்கூட எனக்குச் சண்டை இல்லை, கடவுள் என்னை அவசரமாப் போகச் சொல்லியிருக்கார், வழியை விடுன்னான்."

"ராஜா என்ன செஞ்சார்?"

"தூதனை மேலும் கீழும் பார்த்தார். பார்வோன் ஆளான்னு கேட்டார். ஆமான்னான். கூடாரமே சிரிச்சுது. நானும்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அடையாளம் தெரியாம வேஷம் மாத்திக்கிட்டு, தேர் ஏறினார்."

"கடவுள் அப்படிச் சொன்னாரான்னு யாரும் விசாரிக்கலையா?"

"எதிரி சொன்னதுக்கு எவனாவது விசாரிப்பானா தாயே?"

மில்காள் முறத்தைக் கீழே வைத்தாள். கோலை ஊன்றி எழுந்து இறங்கத் தொடங்கினாள்.

கிணற்றடிக்கு வந்ததும் எகிப்தியனை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"கல்லைப் புரட்டுங்க."

"தெற்கு மந்தை வரலையே தாயே," என்றான் பேலா. "முறை இல்லை."

"குடிக்கவா புரட்டச் சொன்னேன்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தோள் கொடுத்துப் புரட்டினார்கள். வாடை குப்பென்று மேலே வந்தது. ஒத்னி தோல்வாளியை இறக்கி இழுத்தான். தண்ணீரில் எண்ணெய்போல் ஏதோ படர்ந்திருந்தது. அதில் ஒரு கொத்துப் பிடரிமயிர், சிவப்பு நூல் வைத்துப் பின்னியது. தேர்க்குதிரைக்கு எகிப்தியர் செய்கிற சிங்காரம்.



"யார் போட்டது?" என்றான் ஒத்னி.

"நானும் சேர்ந்துதான் தூக்கினேன்," என்றான் எகிப்தியன்.

"பார்த்தியா! நான் சொல்லலை, திருட்டுப்பயல்னு?" பேலா குதித்தான்.

"போட்டவனே எங்ககிட்ட ஏண்டா சொன்னே?" என்றான் ஒத்னி.

"அவங்க என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கும் தாகம். நல்ல தண்ணி எங்கே இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

பேலாவுக்கு அப்போதும் ஆறவில்லை. "கிழக்குக் கிணத்துல ஆள் பதுங்கியிருந்தா?"

"மேட்டுல ஏறிப் பாரு," என்றாள் மில்காள்.

ஏறினான். கண்ணுக்குக் கையைக் குவித்து வெகுநேரம் பார்த்தான். ஆள் ஒருவரும் தென்படவில்லை. இறங்கி வந்து மந்தையைக் கிழக்கே திருப்பினான்.

ஒத்னி எகிப்தியன் பக்கத்தில் மண்டியிட்டான். தான் போட்ட முடிச்சே அவனுக்கு அவிழ மாட்டேன் என்றது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தான். பிறகு நிமிராமலே கேட்டான்.

"அப்போ அன்னைக்குப் பார்வோன் சொன்னது, அதுவும் கடவுள் வாக்குதானா தாயே?"

மில்காள் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? அந்தக் கல்லைத்தான் யாரும் புரட்டலையே."