ஒளுவுக்கு வச்ச தண்ணி

மைமூன், காலை மடக்கு, கொசுவலையை உதைக்காதே. கண்ணை மூடினாத்தான் இந்தச் சாச்சி கதை சொல்லுவா. மூடிட்டியா? ம் சொல்லு.

ஒரு ஊர்ல ஒரு அடிமைப் பொண்ணு இருந்தா, ஸுமைரான்னு பேரு. எங்க பார்த்தாலும் மணலா இருக்கிற ஊரு. அங்கே ஒரு கோத்திரத்துக்காரன் இன்னொரு கோத்திரத்துக்காரனுக்குக் குடிக்கத் தண்ணிகூடத் தரமாட்டான். அப்போ நபிகள் நாயகம் சொன்ன சேதி அங்கேயும் வந்துது. படைச்சவன் ஒருத்தன்தான், அவனுக்கு முன்னாடி ஆண்டானும் அடிமையும் ஒண்ணுதான்னு. கேட்டதும் ஸுமைராவுக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. வழிப்போக்கர் ஒருத்தர் தொழச் சொல்லிக்கொடுத்தாரு. முகம் கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டுத்தான் தொழணும்னாரு. தண்ணி இல்லாட்டா என்ன செய்யறது? அவ கேட்கலை, அவரும் சொல்லலை.

அவ தொழுறதைப் பார்த்துட்டு எஜமான் ஹுபைஷ் படீர் படீர்னு அடிச்சான். அப்புறம் என்ன, விடியறதுக்குள்ள ஒரு தோல்பை தண்ணியோட ஓடிட்டா. பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் தொழுறவங்க ஊரு இருக்கு. அங்கே போயிட்டா பிழைச்சா.

மத்தியானம் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. ஒரு வாய் குடிக்கலாமா? "ஊஹூம், ஒளுவுக்கு வேணும்"னு எச்சிலை முழுங்கிட்டு நடந்தா. அப்புறம் "ம்மே... ம்மே..."ன்னு வழி தப்பின ஆட்டுக்குட்டி ஒண்ணு. மனசு கேட்குமா? உள்ளங்கையில ஊத்தினா, சளப் சளப்னு குடிச்சுது. பையில ஒரு ஒளுவுக்குத்தான் மிச்சம்.

தூங்கிட்டியா? ம்... சரி.

பொழுது சாயற நேரம், மஃரிபுத் தொழுகைக்கு ஒளு செய்யப் பையை அவிழ்க்கிறா. "தண்ணி..."ன்னு ஒரு முனகல். யாருங்கறே? ஹுபைஷ்தான்! அவளை இழுத்துட்டுப் போக வந்தவனை ஒட்டகம் தொப்புனு தள்ளிட்டுத் தண்ணிப்பையோட ஓடிப்போச்சு.

ஸுமைரா பையை இறுக்கிப் பிடிச்சா. கொடுத்தா எழுந்து நம்மையே பிடிப்பான். தொழுகையும் போச்சு. கொடுக்காட்டா செத்துப்போவான். நின்னு நின்னு பார்த்தா. அப்புறம் அவன் தலையைத் தூக்கி மடக் மடக்னு அவ்வளவையும் ஊத்திட்டா.

"நான் அடிச்சதை மறந்துட்டியா?"

"மறக்கலை. இன்னும் வலிக்குது."

"பின்னே ஏன் கொடுத்தே?"

"உன் உசுரும் படைச்சவன் கொடுத்ததுதானே."

சொல்லிட்டு, மணல்ல ரெண்டு கையையும் வச்சு, அதையே தண்ணியா நினைச்சு முகத்துலயும் கையிலயும் தடவிக்கிட்டா. அவனுக்கு முதுகைக் காட்டி நின்னு தொழுதா. இப்போ பிடிப்பான், இப்போ பிடிப்பான்னு நெத்தியை மண்ணுல வைக்கிற ஒவ்வொரு சுஜூதிலயும் திக் திக்னு இருந்துது. தொழுது முடிச்சுத் திரும்பினா, அவன் தலை குனிஞ்சு உட்கார்ந்திருக்கான்.

"போ. உன்னை நான் பார்க்கவே இல்லைன்னு சொல்லிடறேன்"னான். தள்ளாடி எழுந்து வந்த வழியே போயிட்டான்.

மறுநாள் தொழுறவங்க ஊர்ல ஒரு அம்மா கதவைத் திறந்தாங்க. ஸுமைரா உள்ளே வரலை. "ஒளு இல்லாம தொழுதுட்டேன். மண்ணைத்தான் தடவினேன். அல்லாஹ் என்னை ஏத்துக்குவானா?"ன்னு கேட்டா.

"தண்ணி கிடைக்காட்டா சுத்தமான மண்ணே போதும்னு வேதத்துலயே வந்திருக்கு மகளே. அதுக்குத் தயம்மும்னு பேரு. உன் தொழுகை கூடிடுச்சு, அது செல்லும், உள்ளே வா."

ஸுமைரா விசும்பி விசும்பி அழுதா. ஏன் தெரியுமா? எஜமான்னா கேட்பான், கொடுக்க இல்லேன்னா அடிப்பான்னுதான் அவளுக்குத் தெரியும். இல்லாதவகிட்ட இல்லாததைக் கேட்காத எஜமான் ஒருத்தன் இருக்கான்னு அவளுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

கதை கரையேறிடுச்சு. கலிமா சொல்லிட்டுத் தூங்கு புள்ளே.