பசியோட நின்ன மாடு

"ஒரு ஊர்ல ஒரு மாடு இருந்துச்சு."

"மாடா?"

"மாடுதான்."

"ராஜா கதை சொல்லுங்க தாத்தா."

"ராஜாவும் வருவார். முதல்ல மாடு. கேக்கிறியா, நான் தூங்கட்டா?"

ஜெசிந்தா வாயை மூடிக்கொண்டாள். என் மகன் பிள்ளை. ஆறு வயசு. அன்றைக்கு டிசம்பர் இருபத்து நாலு, மத்தியானம் ரெண்டரை மணி. ராத்திரிப் பூசைக்கு முழித்திருக்க வேண்டுமென்றால் இப்போது தூங்கியாக வேண்டும். பாயில் என் பக்கத்தில் கிடந்து புரண்டுகொண்டிருந்தாள். அவள் கட்டில் உள் அறையில் இருக்கிறது. அதில் என் மகள் விமலாவின் குழந்தை தூங்குகிறது. பிறந்து இருபத்திரண்டு நாள். ரோஸ் கொசுவலையும் இப்போது அதற்குத்தான்.

கட்டில் போனது ஒன்று. இன்னொன்றும் போனது. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கும்போது மாட்டுத் தொட்டியைக் காலியாக விட்டுவிடுவோம். பூசை முடிந்து வந்த பிறகு, வீட்டில் எது கடைசிப் பிள்ளையோ அது தன் கையால் குழந்தை இயேசு சுரூபத்தைத் தொட்டியில் வைக்கும். நாலு வருஷமாக ஜெசிந்தா வைத்தாள். "இந்த வருஷம் சின்னக்குட்டி கையில கொடுத்து வைப்போம்" என்று என் வீட்டுக்காரி காலையில் சொல்லிவிட்டாள்.

பத்து மணிக்குச் சுரூபத்தைக் காணவில்லை.

விரல் நீளம்தான் இருக்கும். என் அம்மா காலத்தது. அது இல்லாவிட்டால் இன்றைக்குத் தொட்டி காலி. என் வீட்டுக்காரி பீரோவைக் கவிழ்க்காத குறை. "உங்க மறதிக்கு நீங்கதான் எங்கேயாவது வச்சிருப்பீங்க" என்று என் சட்டைப் பையைக்கூட உதறிப் பார்த்தாள். ஜெசிந்தாவும் கூடவே தேடினாள். தேடிய இடத்திலேயே மூன்று தடவை தேடினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"ம் கொட்டணும். இல்லேன்னா நிறுத்திருவேன்."

"ம்."

"அது ஒரு சத்திரத்து மாடு. சத்திரக்காரன் மகா கஞ்சன். நாளைக்கு ஒரு கட்டு வைக்கோல், அதுவும் பொழுது சாஞ்ச பிறகு. அதுக்கு மேல ஒரு துரும்பு கிடையாது."

"ம்."

"அன்னைக்கு ஊர் பூரா சனம். ஆள் கணக்கு எடுக்கணும், எல்லாரும் சொந்த ஊருக்குப் போங்கன்னு ரோமாபுரியில இருந்து உத்தரவு. சத்திரத்துல நிக்க இடம் இல்ல. அத்தனை பேருக்கும் தண்ணி வேணுமில்ல? மாடு காலையில இருந்து தண்ணி வண்டி இழுத்துச்சு. கட கட கட கட. போகும். கட கட கட கட. வரும்."

"உத்தரவு போட்டவர்தான் ராஜாவா?"

"அவன் வேற. பொறு. அப்புறம் பொழுது சாஞ்சுது. மாடு தொழுவத்துக்கு வந்துச்சு. வயிறு ஒட்டிப் போச்சு. தொட்டியில வைக்கோல் கிடக்கு. வாயை வச்சுது. சரக். ஒரே வாய்தான். அப்போ கதவு கிறீச்."

"யாரு?"

"உனக்குத் தெரியாதா?"

"மாதாவும் சூசையப்பரும்."

"தெரிஞ்சா ஏன் கேக்கிற? சத்திரத்துல இடம் இல்லேன்னு தொழுவத்துக்கு அனுப்பிட்டான். அங்கேயே பிள்ளை பிறந்துருச்சு."

"எப்படிப் பிறந்துச்சு?"

"பிறந்துச்சு. ம் கொட்டு."

"ம்."

"அப்போ பிள்ளையை எங்கே படுக்க வைக்கிறது? முதல்ல தரையில துணி விரிச்சுப் போட்டாங்க. தரை பூரா ஈரம். சில்லுனு ஏறிச்சு. ங்கா ங்கான்னு ஒரே அழுகை. சூசையப்பர் மாட்டுகிட்ட போனார். 'தொட்டியைக் கொஞ்சம் தர்றியா'ன்னார். மாடு கொம்பை ஆட்டுச்சு. புஸ்ஸ்!"

"அப்படின்னா?"

"மாட்டேன்னு அர்த்தம்."

"கெட்ட மாடு."

"ஏன் கெட்ட மாடு? நாள் பூரா உழைச்சிருக்கு. பசிக்குது. தொட்டியும் அதோடது."

பாயின் ஓரத்தைப் பிய்த்தாள்.

"அதோடதுதானே தாத்தா? கேக்காம எடுக்கக் கூடாதுல்ல?"

"கூடாது. சூசையப்பர் எடுக்கல. கேட்டார்."

உள் அறையில் குழந்தை சிணுங்கியது. விமலா தட்டிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா அந்தப் பக்கம் பார்க்காமல் என் கையை இழுத்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் சூசையப்பர் யோசிச்சார். மேல உத்திரம் இருக்கு, துணியைக் கட்டித் தூளி போடுவோம்னார். அவர் தச்சர் இல்லையா? கட்டுறதுக்கு முன்னால மரத்தைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக். மூணாவது தட்டுல பொல பொலன்னு உதிருது. உளுத்த மரம். தூளி கட்டினா பிள்ளை கீழே வந்துரும். மறுபடி மாட்டுகிட்ட போனார். 'கொஞ்சம் பாரேன்'னார்."

"மாடு?"

"காது கேக்காத மாதிரி நின்னுச்சு. உன்னை ஆச்சி பாத்திரம் எடுத்து வைக்கக் கூப்பிட்டா நீ நிக்கிறியே, அப்படி."

"நான் ஒண்ணும் அப்படி நிக்கல."

"சரி. மாடு மட்டும்தான் நின்னுச்சு. அப்புறம் சூசையப்பர் கையிலேயே வச்சுக்கிட்டார். எத்தனை நேரம் வைப்பார்? நாலஞ்சு நாள் நடந்து வந்த மனுசன். தூக்கம் சொக்குது. தலை போய்த் தூண்ல முட்டுச்சு, ணங்!"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் தூக்கம் கலைந்துவிடும்.

"பிள்ளையை விட்டுட்டாரா?"

"விடல. ஆனா பயந்துட்டார். மாதா எழுந்து வந்து பிள்ளையை வாங்கிக்கிட்டா. நிக்கவே முடியல அவளால. சுவரைப் பிடிச்சு மாட்டுகிட்ட போனா. ஒண்ணும் கேக்கல. பேசாம நின்னா. மாடு பிள்ளையைப் பாத்துச்சு. வைக்கோலைப் பாத்துச்சு. மறுபடி பிள்ளையைப் பாத்துச்சு."

"ம்."

"ஒரு அடி பின்னால போச்சு."

"அவ்வளவுதானா?"

"மாடு வேற என்ன செய்யும்? கும்பிடுமா? ஒரு அடி பின்னால போச்சு. வைக்கோல் மேல துணியைப் போட்டுப் பிள்ளையைப் படுக்க வச்சாங்க. அழுகை நின்னு போச்சு."

"வைக்கோல் அடியில போயிருச்சே. மாடு எதைத் தின்னும்?"

"தின்னல."

"பசிக்காதா?"

"பசிச்சுது."

"அப்புறம்?"

"பசியோட நின்னுச்சு. குளிருக்குப் பிள்ளை கால் நீலமாச்சு. மாடு மூக்கைக் கொண்டுபோய் ஊதுச்சு. ஹ்ஹா. ஹ்ஹா. சூடா."

அவள் தன் காலை என் வேட்டிக்குள் நுழைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ம் வரவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

"தாத்தா."

"என்ன?"

"ராஜா வருவார்னீங்க."

"வந்துட்டாரே. தொட்டியில கிடக்கிறார்ல."

"சாமிதானே அவரு? நல்ல கட்டில்ல பிறந்திருக்கலாம்ல? கொசுவலை போட்டு?"

பதில் சொல்லாவிட்டால் சாயந்திரம் வரைக்கும் விடமாட்டாள்.

"பிறந்திருக்கலாம். அரண்மனையில பிறந்தா வாசல்ல காவக்காரன் நிப்பான். ஆடு மேய்க்கிறவனை உள்ள விடுவானா? மாட்டை விடுவானா? தொழுவத்துக்குக் கதவே சரியில்ல. யாரு வேணும்னாலும் வரலாம். அதுக்குத்தான் அங்கே வந்தார்."

"தொட்டியில ஏன்?"

"தொட்டின்னா என்ன? தீனி வைக்கிற இடம். பசிச்சதெல்லாம் அங்கேதான வரும்? பெரியவர் ஆன பிறகு தன்னையே அப்பமாக் குடுத்தார். பூசையில சாமியார் தூக்கிக் காட்டுறாரே, அது. பிறந்த அன்னைக்கே தீனி வைக்கிற இடத்துல போய்ப் படுத்துட்டார். போதுமா?"

"ம்."

"அப்புறம் ஆடு மேய்க்கிறவங்க வந்தாங்க. தட தட தடன்னு. ஒருத்தன் ஆட்டுக்குட்டியோட வந்தான். எல்லாரும் முழங்கால் போட்டாங்க. பிள்ளையைப் பாத்தாங்க, மாதாவைப் பாத்தாங்க, சந்தோசமாப் போனாங்க. மாட்டை யாரும் பாக்கல."

"ஒருத்தர்கூடவா?"

அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஒருத்தர் பாத்தார்."

"யாரு?"

"தொட்டியில கிடந்தவர். அவர் கண்ணுக்கு நேரே மாட்டு மூஞ்சிதான் இருந்துச்சு. வந்தவங்க எல்லாம் போயாச்சு. மாடு நிக்குது. அவர் அதையே பாத்துக்கிட்டுக் கிடந்தார். விடியுற வரைக்கும்."

வெளியே பக்கத்து வீட்டுப் பையன்கள் வெடி போட்டார்கள். பட். பட். அவள் அசையவில்லை. என் பக்கம் திரும்பி, காதுக்குக் கிட்டே வந்தாள்.

"தாத்தா. ஆச்சிகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல?"

"எதை?"

"சின்ன இயேசு அரிசி டின்ல இருக்காரு. உள்ள. அடியில."

"ம்."

இந்தத் தடவை ம் கொட்டியது நான்.

"பாவமா தாத்தா?"

"ஒளிச்சது தப்பு. ஆச்சி காலையில இருந்து ஒரு வாய் சாப்பிடாமத் தேடுறா. எழுந்த உடனே நீயே சொல்லணும்."

"திட்டுவாங்க."

"திட்டுவா. வாங்கிக்கோ."

"ம்."

"இடம் சரியான இடம்தான்."

அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"சின்னக்குட்டிக்குக் கையில பிடிக்கத் தெரியுமா?"

"விரலைக் குடுத்தா பிடிக்கும். சுரூபத்தைப் பிடிக்கத் தெரியாது."

"கீழ போட்டா உடைஞ்சிரும்ல?"

"உடைஞ்சிரும்."

"அப்போ அவ கையை நான் பிடிச்சுக்கட்டா? அவளும் நானும் வைக்கிறோம். நான் பின்னால நின்னுக்கிறேன்."

"எத்தனை அடி பின்னால?"

யோசித்தாள். "ஒரு அடி."

"சரி."

"கட்டில் மட்டும் அவ பெரிசானதும் எனக்குத் திரும்ப வேணும்."

"அதை அவகிட்ட பேசிக்கோ. விடிஞ்சுது, சத்திரக்காரன் புது வைக்கோல் கொண்டு வந்து போட்டான். மாடு தின்னுட்டுப் படுத்துருச்சு. கண்ணை மூடிருச்சு. நீயும் மூடு."

மூடினாள். ரெண்டு நிமிஷத்தில் மூச்சு சீராக வந்தது. என் வேட்டிக்குள் அவள் கால் சூடாகிவிட்டது.

நானும் கண் அசந்திருப்பேன். அடுக்களையில் அரிசி டின்னின் மூடி திறந்தது. டங்! படியால் அள்ளும் சத்தம். சர்ர். சர்ர். அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் என் வீட்டுக்காரியின் குரல், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"அடியாத்தே! இங்கே வந்து பாருங்களேன்!"

"கத்தாதே" என்றேன். "மூணு பிள்ளைங்க தூங்குது."