மன்னர் சோற்றில் நஞ்சு வைத்தவன்

மகுடவர்ம மன்னருக்கு எதிரிப் படையைக் கண்டால் பயமில்லை. சோற்றைக் கண்டால்தான் பயம். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வயிறு முறுக்கும். ஒருநாள் ஏழெட்டு முறை ஓடுவார். அதற்கப்புறம் மூன்று நாள் எதுவும் நகராது. அரண்மனை வைத்தியர் சீரகத் தண்ணீர் கொடுத்தார், ஓமம் கொடுத்தார், பெருங்காயம் போட்ட மோர் கொடுத்தார். அன்றைக்குக் கொஞ்சம் கேட்கும். மறுநாள் பழைய கதைதான்.

கடைசியில் மன்னர் சபையிலேயே சத்தியம் செய்துவிட்டார்.

"எவனோ என் சோற்றில் நஞ்சு வைக்கிறான். என் வயிற்றைக் கெடுத்தவன் யாராக இருந்தாலும் தண்டனை உண்டு. பத்து நாளில் ஆள் அகப்படவில்லையென்றால் சமையல்காரன் பொன்னப்பன் தலை போகும்."

பொன்னப்பன் அரசவை விகடகவி அம்பலவாணரிடம் ஓடினான். "சாமி, உப்பு புளி தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று அழுதான். இருபது வருடம் அவன் கைச்சோறு சாப்பிட்டவர் அம்பலவாணர்.

நேரே சமையற்கட்டுக்குப் போனார். மன்னருக்கு முன்பாக அதே சோற்றைத் தின்று நஞ்சு பார்க்கும் காளத்தி, மூலையில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு கவளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கூழாகும்வரை மென்றான்.

"அவசரப்பட்டா நஞ்சு தெரியாதுங்க" என்றான்.

அம்பலவாணர் மன்னரிடம் போனார். "அரசே, குற்றவாளியை நீங்களே பிடிக்கலாம். பத்து நாள் காளத்தியின் மூலையில் உட்காருங்கள். அவனைப் போலவே மெல்லுங்கள். யாரிடமும் பேசாதீர்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் திரைக்குப் பின்னால், உங்கள் இடத்தில் அவன் சாப்பிடட்டும். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்."

மன்னருக்கு மாறுவேடம் என்றால் உயிர். நஞ்சு இருந்தால் முதலில் தின்பது தான்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

பத்தாம் நாள் சபை கூடியது. மன்னர் முகம் தெளிந்திருந்தது. காளத்தியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"நஞ்செல்லாம் இல்லீங்க" என்றான் அவன். "வாயில சோத்தை வெச்சா, திரைக்கு அந்தப் பக்கம் அமைச்சர் ஓலை படிக்கிறார். எல்லையில படைங்கிறார். ஏரி உடைஞ்சுதுங்கிறார். உங்க மச்சினர் கலகம் பண்றாருங்கிறார். மென்னேனா முழுங்கினேனான்னே தெரியலீங்க. ரெண்டாம் நாளே முறுக்க ஆரம்பிச்சிடுச்சு."

அம்பலவாணர் சொன்னார்: "வாய் செய்ய வேண்டிய வேலையை வயிற்றின் தலையில் கட்டிவிட்டோம், அரசே. மனம் பதறினால் குடலும் பதறும். வைத்தியரின் மோர் நல்ல மோர்தான். அதையும் ஓலை கேட்டுக்கொண்டேதானே குடித்தீர்கள்?"

மன்னர் அமைச்சரை முறைத்தார். அமைச்சர் கங்காதரர் கைகூப்பினார். "நேரம் வீணாகக் கூடாது, உண்ணும்போதே படியும் என்று... தாங்கள்தான் கட்டளையிட்டீர்கள்."

மன்னர் மகுடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்படியானால் குற்றவாளி நான்தான். சத்தியம் வேறு செய்துவிட்டேன். எனக்கு என்ன தண்டனை?"

"அது முடிந்துவிட்டது, அரசே. சமையற்கட்டு மூலையில் அடைத்து, யாரிடமும் பேசவிடாமல், பத்து நாள் சோறு போட்டேனே."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். வலிக்கவில்லை. பொன்னப்பனுக்குத் தலையும் தப்பியது, தங்கக் காப்பும் கிடைத்தது. காளத்திக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பழைய மூலையே போதும் என்றான்.