நிழலுக்குத் தைத்த ரவிக்கை

ஏமாங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. இருக்கிறது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊர் மாசிலாமணிக்கு வாழ்க்கைப்பட வந்தாள், தாய் தகப்பன் இல்லாத செங்கமலம். மாப்பிள்ளை ரொம்ப சாது என்று தரகர் சொன்னது பொய்யில்லை. செம்மறியாடும் சாதுதான். போகட்டும், முகூர்த்தப் பட்டுச்சேலையையாவது ஊர் மெச்சக் கட்டிக்கொண்டு மணையில் உட்காரவேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. அதற்காகவே கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அதற்கான ரவிக்கையைப் போட்டுப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து நின்றாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா வைரவன் குறுக்கே கை நீட்டித் தடுத்தார். முகூர்த்த வேளைக்கு முன்னால் அந்தத் துணி பெண் உடம்பில் படக்கூடாது, அது வீட்டு வழக்கம் என்றார். போட்டுப் பார்க்காமல் அளவு தெரியாது என்றார் தையல்காரர் சின்னச்சாமி. இரண்டுமே நியாயமாகப் பட்டதால் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"உடம்புலதான படக்கூடாது? நெழல்ல படலாமே," என்றான் மாசிலாமணி.

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு பையன் இத்தனை நாள் அடக்கமாக இருந்திருக்கிறானே.

செங்கமலத்தை வெயிலில் நிறுத்தி, மண்ணில் விழுந்த நிழல்மேல் ரவிக்கையை விரித்தார்கள். காலை நிழல் பனைமரம்போல நீண்டு கிடந்தது. சின்னச்சாமி துணி சேர்த்து ஒட்டுப் போட்டார். உச்சிவேளையில் நிழல் காலடியில் சுருண்டதும், பெண் இளைத்துவிட்டாள் என்று ஒரு கையை வெட்டித் தள்ளினார். சாயங்காலம் மறுபடி ஒட்டு. நிழலின் தலை அப்போது சாக்கடையில் கிடந்ததால் அதற்கு வைத்துப் பார்த்த நெற்றிச்சுட்டியும் அங்கேயே போயிற்று.

"போட்டுக்கப் போறது நானு. நெழலுக்கு எதுக்கு ரவிக்கை?" என்றாள் செங்கமலம்.

"அசையாதம்மா. நீ அசைஞ்சா பொண்ணும் அசையுது," என்றார் பெரியப்பா.

மறுநாள் காலை, முகூர்த்த வேளையில் அந்த ரவிக்கையை அவளிடம் கொடுத்தார்கள். ஒரு கை முழங்கால்வரை தொங்கியது, இன்னொன்றில் விரல்கூட நுழையவில்லை. கண்ணாடியில் பார்த்தவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. பெரியப்பாவோ அவளைத்தான் குறை சொன்னார். அளவு எடுத்தது ஒருத்திக்கு, போட்டுக்கொண்டவள் இன்னொருத்தி. எப்படிப் பொருந்தும்? ரவிக்கைக்கு உரியவளையே மணையில் உட்காரவைப்பது என்று முடிவாயிற்று.

பந்தலுக்குள் வெயில் இல்லாததால் கீற்றையெல்லாம் பிரித்துப் போட்டார்கள். செங்கமலத்தை ஓரமாக நிற்கவைத்ததும் நிழல் மணையில் வந்து விழுந்தது. ரவிக்கையைக் கழற்றி வாங்கி அதற்குப் போர்த்தினார்கள், மாலையும் போட்டார்கள். மேளம் கொட்ட, மாசிலாமணி தாலியோடு குனிந்தான்.

அந்த நேரம் பார்த்துச் சூரியனை மேகம் மறைத்தது.

"பொண்ணு ஓடிட்டா," என்றார் பெரியப்பா.

ஊரே தேடக் கிளம்பியது. சிலர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள், ஒரு கூட்டம் பஸ் நிறுத்தத்துக்கு ஓடியது. பந்தலில் தனியாக நின்ற செங்கமலத்திடம் மாசிலாமணி மூச்சிரைக்கத் திரும்பி வந்து, பெண் எந்தப் பக்கம் போனாள் என்று விசாரித்தான். அவள் தன் ஊருக்கு நேர் எதிர்த்திசையைக் காட்டினாள்.

ஓடப் போனவன் நின்றான். தாலியை அவள் கையில் வைத்தான்.

"ஓடுற அவசரத்துல எங்கயாவது விழுந்துரும். உங்களப் பாத்தா நல்லவங்களாத் தெரியுது, கொஞ்சம் வச்சிருங்க. அவ கெடச்சதும் வந்து வாங்கிக்கறேன்."